அம்பாசிடரில் பிக்கப் இல்லையா? டயரிலிருந்து கிரவுன் பினியன் வரை

"அண்ணே, கிரவுன் பினியனை மாத்திட்டா வண்டி பறக்கும்" என்று யாரோ சொல்லி, அதற்காகப் பணத்தையும் ஒதுக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேற்கொண்டு போகலாம். கிரவுன் பினியன் என்பது பின் ஆக்ஸிலுக்குள் இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் நாலு கியரும் கொண்ட பழைய அம்பாசிடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்ற பழைய கார்களுக்கும் முறை இதேதான், அளவுகள்தான் மாறும்.

கியர் விகிதத்தை மாற்றுவதால் என்ஜினுக்குப் புதுச் சக்தி வந்துவிடாது. குறைந்த வேகத்தில் இழுவை கூடும். அதற்கு ஈடாக மேல் வேகத்தில் என்ஜின் வேகமாகச் சுற்றிக் கத்தும். அவ்வளவுதான் பேரம். "பிக்கப் போச்சு" என்று பட்டறைக்கு வரும் அம்பாசிடர்களில் பெரும்பாலானவற்றுக்கு விகிதத்தில் ஒரு குறையும் இருக்காது. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும், பிளக் பொறி விடும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருக்கும், அல்லது பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று யாரோ பெரிய டயரை மாட்டியிருப்பார்கள். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன்.

## எதையும் தொடுவதற்கு முன் இரண்டு அளவுகள்

பின் ஆக்ஸில் விகிதம். பின் சக்கரங்கள் ஒரு சுற்று வர, புரோப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீளத் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதே அது. எண் கூடினால் இழுவை கூடும். அதை அறிய, கிரவுன் பினியன் இருக்கும் கூட்டைத் திறக்க வேண்டாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். மற்றப் பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது. கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். டயரிலும் புரோப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று உடன் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் விகிதம். மற்றச் சக்கரம் நிற்பதால் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றுதான் சுற்றும். 20 சுற்றச் சொல்லிப் பத்தால் வகுக்கச் சொல்வது அதனால்தான்.

ஷாஃப்ட் 48-ஐத் தாண்டி முக்கால் சுற்று வந்தால் 4.875, 45-ஐத் தாண்டி அரைச் சுற்று வந்தால் 4.555, சரியாக 43 என்றால் 4.3. பல் கணக்கில் இவை 8-க்கு 39, 9-க்கு 41, 10-க்கு 43. அம்பாசிடரின் என்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக் கார்களில் புழங்கிய விகிதங்கள்தான் இவை.

டயர் ஒரு சுற்றில் கடக்கும் தூரம். காற்று சரியாக அடித்து, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு குறி வையுங்கள். டயர் சரியாக ஒரு சுற்று வரும்வரை வண்டியைத் தள்ளி, தரையில் டேப் பிடியுங்கள். பழைய 5.90-15 டயருக்கு 2 மீட்டரும் சில சென்டிமீட்டரும் வரும்.

இனி கணக்கு. டாப் கியரில், அதாவது நாலாவதில், ஷாஃப்டும் என்ஜினும் ஒன்றாகச் சுற்றுவதால், டயர் தூரத்தை 60-ஆல் பெருக்கி ஆக்ஸில் விகிதத்தால் வகுத்தால், 1,000 ஆர்.பி.எம்.முக்கு எத்தனை கி.மீ. வேகம் என்று தெரியும். 2.05 மீட்டர் டயருக்கு 4.875-இல் சுமார் 25 கி.மீ., 4.555-இல் 27, 4.3-இல் 28.6. இந்த எண்ணைத் தாளில் குறித்து டேஷ்போர்டில் ஒட்டிவையுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் இதுதான் தேவைப்படும்.

## அறிகுறி: என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இது கிளட்ச் வழுக்கல். சமதரையில் டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். டாப்பில் 40 என்பது ஏறக்குறைய 1,500 ஆர்.பி.எம். அந்தச் சுற்றில் என்ஜின் மெதுவாகத்தான் ஏற வேண்டும். சட்டென்று கத்திவிட்டு வேகமுள் நின்ற இடத்திலேயே நின்றால் கிளட்ச் பிடிக்கவில்லை.

பெடலில் ஃப்ரீ பிளே (மிதித்ததும் எதிர்ப்பில்லாமல் இறங்கும் சிறு தூரம்) இல்லையா? லைனிங் தேயத் தேய ஃப்ரீ பிளே குறைந்து, கடைசியில் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் அழுத்திக்கொண்டே இருக்கும். அட்ஜஸ்ட் செய்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லை.

ஃப்ரீ பிளே இருந்தும் வழுக்குகிறதா? பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடிய கூட்டின்) அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். இந்த என்ஜினின் பின் முனையில் இன்றைய கார்கள்போல ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயைத் திருப்பி அனுப்பும் மரையை நம்பித்தான் ஓடுகிறது. மெயின் பேரிங் தேய்ந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டுக்கு வந்துவிடும். எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவிப் போடுவது வேலைக்கு ஆகாது.

கியர்பாக்ஸை இறக்கும் வேலை என்பதால் இந்த இடத்தில் பட்டறைக்குப் போய்விடுங்கள். இறக்கும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிளேட்டை மட்டும் மாற்றி மிச்சம்பிடித்த காசு அடுத்த முறை இறக்குகூலியில் போய்விடும்.

## அறிகுறி: எல்லா கியரிலும், எல்லா வேகத்திலும் மந்தம்

விகிதத்தில் குறை இருந்தால் ஏதாவது ஒரு வேகத்திலாவது வண்டி தேறும். எங்குமே தேறவில்லை என்றால் கியரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வண்டி தானாக உருளுகிறதா? சமதரையில் 30 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள். மெதுவாக வேகம் குறைந்து நெடுந்தூரம் ஓட வேண்டும். யாரோ பின்னால் இழுப்பதுபோல நின்றால், பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டர், அல்லது உள்ளே வீங்கிப்போன ரப்பர் ஹோஸ். பின் இரண்டும் சுட்டால் ஹேண்ட் பிரேக் கேபிள். நான்கும் சுட்டால் பிரேக் பெடலின் ஃப்ரீ பிளேயும், மாஸ்டர் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் சிறு துளையும் சந்தேகத்துக்குரியவை. மாஸ்டர் சிலிண்டர் வரை போய்விட்டால் நீங்களே கழற்றாதீர்கள்.

ஆக்ஸிலரேட்டர் முழுசாகத் திறக்கிறதா? என்ஜினை நிறுத்திவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லிக் கார்புரேட்டருக்குள் பாருங்கள். பட்டர்ஃபிளை நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். பெடலுக்கு அடியில் கனத்த மிதியடி போட்ட வண்டிகளில் அது முக்கால்வாசிதான் திறந்திருக்கும். சோக் முழுக்கத் திறந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இக்னிஷன். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை, பிளக் இடைவெளி 0.64 மி.மீ. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ரோட்டரை அது சுற்றும் திசையில் விரலால் சற்றுத் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே எடைகள் துருவேறி இறுகிவிட்டன, ஆர்.பி.எம். ஏறினாலும் டைமிங் முன்னேறாது. வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நகரவில்லையென்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வயதான அம்பாசிடரில் "மந்தம்" என்ற புகாருக்கு அடிக்கடி விடை கிடைக்கும் இடம் இந்த டிஸ்ட்ரிபியூட்டர்தான். ஆனால் யாரும் இதை முதலில் திறப்பதில்லை.

சில விநாடி நன்றாக இழுத்துவிட்டுப் பிறகு சாகிறதா? பெட்ரோல் வரத்து. ஃபில்டர், பம்பின் சல்லடை, டேங்க் மூடியின் காற்றுத் துளை என்ற வரிசையில் பாருங்கள்.

இத்தனையும் சரியென்றால் கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அதற்குமேல் பட்டறை வேலை. இந்த நிலையில் உள்ள என்ஜினுக்குக் கிரவுன் பினியன் மாற்றித்தரும் மெக்கானிக்கிடம் வேறு வேலைகளும் கொடுக்காதீர்கள்.

## அறிகுறி: புறப்படும்போதும் ஊருக்குள்ளும் மந்தம், ஓட்டம் பிடித்தபின் சரி

இதுதான் உண்மையில் விகிதக் கோளாறு. வண்டி தன் சக்திக்கு மீறிய உயரமான விகிதத்தில், அதாவது எண் குறைந்த விகிதத்தில், ஓடுகிறது.

டயர் அளவு மாறியிருக்கிறதா? பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள். பழைய 5.90-15 டயரின் விட்டம் சுமார் 665 மி.மீ. அலாய் வீலோடு 215/75 ஆர்15 போட்டிருந்தால் அது 703 மி.மீ. கிட்டத்தட்ட 6 சதவீதம் உயரம். 4.555 ஆக்ஸில் வைத்த வண்டி அந்த டயரில் 4.3 வைத்ததுபோல நடந்துகொள்ளும். டயரும் ரிம்மும் கனம் வேறு. ஜீப் போல நிமிர்ந்து நிற்கிறது என்று சந்தோஷப்பட்டு, சிக்னலில் ஆட்டோவுக்குப் பின்னால் கிளம்புகிறோம்.

பழைய அளவுக்குத் திரும்பினாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும். இன்னும் கீழே இறங்கவும் வழியுண்டு. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621 மி.மீ. 665-இலிருந்து அங்கே வந்தால் இழுவை 7 சதவீதம் கூடும். 4.555-ஐக் கழற்றி 4.875 போட்டால் கிடைப்பதும் இதே 7 சதவீதம்தான்! கிரவுன் பினியன் மாற்றும் செலவில்லாமல், கூட்டைத் திறக்காமல், தேய்ந்த டயரை மாற்றும் சாக்கில் முடித்துவிடலாம். பிடிக்காவிட்டால் மறுபடி மாற்றிக்கொள்ளவும் முடியும்.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. வண்டியின் அடிப்பாகம் 22 மி.மீ. தாழும். அம்பாசிடர் வாங்கியதே கிராமத்துச் சாலைக்காக என்றால் இது சின்ன விஷயமல்ல. ரிம் அகலம் இந்த டயருக்குப் போதுமா என்று டயர் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஒடுக்கமான ரிம்மில் அகல டயரை ஏற்றக் கூடாது. சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். இந்தக் காருக்குப் போதும்.

டயர் சரியாக இருந்தும் மந்தமா? இப்போது ஆக்ஸில் விகிதத்தைப் பாருங்கள். 4.3-ஓ அதற்கும் கீழோ வந்தால், முன்பிருந்த உரிமையாளர் யாரோ நெடுஞ்சாலைக்காக மாற்றியிருக்கலாம்.

பி-சீரிஸ் குடும்பத்தில் எந்த வண்டிக்கு எந்த விகிதம் வைத்தார்கள் என்பதைக் கவனித்தால் நம் வண்டிக்கு எது பொருந்தும் என்று புரியும். 1489 சி.சி. என்ஜினோடு வந்த பிரிட்டிஷ் கார் எம்.ஜி. மேக்னெட் இசட்.ஏ. நாலு கதவு வண்டி, 60 குதிரைத்திறன். அதற்கு 4.875. அடுத்து வந்த இசட்.பி.யில் திறன் 68 ஆனதும் 4.55-க்கு இறங்கினார்கள். அதே 1489 சி.சி.யைக் கொண்ட எம்.ஜி.ஏ. இரண்டு இருக்கைச் சிறு கார், எடை மிகக் குறைவு, அதற்கு 4.3. பின்னால் 1798 சி.சி.யோடு வந்த எம்.ஜி.பி.க்கு 3.909. சக்தி கூடினால் அல்லது எடை குறைந்தால்தான் விகிதத்தை இறக்கினார்கள். ஒற்றைக் கார்புரேட்டர், ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை என்று ஓடும் அம்பாசிடருக்கு 4.3 என்பது பேராசை.

4.875-க்கு மாற்றலாமா? 4.555 இருக்கும் வண்டியென்றால் லாபம் 7 சதவீதம். நாலு பேர் ஏறிய அம்பாசிடர் ஏறக்குறைய ஒன்றரை டன். அதில் நூறு கிலோவை இறக்கி வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். மலைப்பகுதியில் வசிப்பவருக்கு அது போதுமான லாபம். மாதம் இருமுறை சென்னைக்கும் மதுரைக்கும் போய்வருபவர் அடுத்த வாரமே "80-இல் கதறுது" என்று வந்து நிற்பார். 4.3-இலிருந்து 4.875-க்கு வந்தால் லாபம் 13 சதவீதம். அந்த வித்தியாசத்தை முதல் சிக்னலிலேயே உணரலாம்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால்:

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்க வேண்டும். சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் ஒரு கடையில் கிரவுனும் இன்னொரு கடையில் பினியனும் வாங்கிச் சேர்த்தால் ஊளைச் சத்தம் நிச்சயம். பழைய ஜோடி வாங்கினால் பல்லின் முகத்தில் குழி, நீலம் பாரித்த சூட்டுத் தடம், ஓரத்தில் உடைவு இருக்கக் கூடாது. "டீசல் வண்டியில கழட்டினது, 4.8 தான்" என்று கடைக்காரர் சொன்னாலும் நீங்களே பல்லை எண்ணுங்கள். உங்கள் பழைய பினியனைக் கையோடு கொண்டுபோய் ஸ்பிளைன் (தண்டின் மேலுள்ள நீளவாட்டுப் பற்கள்), பேரிங் உட்காரும் விட்டம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று வெர்னியரில் பாருங்கள்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி. பினியன் உயரத்தையும் பேக்லாஷையும் (பற்களுக்கிடையே உள்ள ஆட்டத்தையும்) எதை வைத்து அளப்பீர்கள் என்று கேளுங்கள். டயல் கேஜை (முள் வைத்த நுண்ணளவுக் கருவியை) காட்டினால் வண்டியை விடலாம். கையால் ஆட்டிக் காட்டி "நமக்குப் பழக்கம் சார்" என்றால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். பல்லில் ப்ளூ (நீலச் சாயம்) தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்தபின்தான் கூட்டை மூடச் சொல்ல வேண்டும். வீட்டில் செய்யும் வேலையே இல்லை இது.

எண்ணெய் ஜி.எல்.-5 தரத்து ஈ.பி. 90. இந்த ஹைப்பாய்டு பற்கள் உருள்வதோடு வழுக்கிக்கொண்டும் போகும் என்பதால் சாதாரண கியர் ஆயில் தாங்காது.

## அறிகுறி: கியர் மாற்றிய உடனே வண்டி செத்துவிடுகிறது

எந்த வேகத்தில் மாற்றுகிறீர்கள்? மைலேஜுக்காகச் சீக்கிரமே டாப்புக்குப் போகும் பழக்கம் நம் ஓட்டுநர்களுக்கு உண்டு. 25 கி.மீ. வேகத்தில் டாப்பைப் போட்டால் என்ஜின் ஆயிரம் சுற்றுக்கும் கீழே. அங்கே எந்த விகிதமும் உதவாது. ஒரு வாரம் ஒவ்வொரு கியரையும் 10 கி.மீ. தள்ளி மாற்றிப் பாருங்கள். பலருக்குப் புகார் இங்கேயே முடிந்துவிடும்.

அப்படியும் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது விழுகிறதா? இந்தக் குடும்பத்துக் கியர்பாக்ஸின் குணமே அது. எம்.ஜி.ஏ.யின் விகிதங்கள் 3.64, 2.21, 1.37, 1. முதல் கியரில் 3,500-இல் விட்டால் இரண்டாவதில் 2,130-இல் போய் விழும். உங்கள் பெட்டியின் எண்களை நீங்களே எடுக்கலாம்: இக்னிஷனை நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி, ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, கியரைப் போட்டு, என்ஜினை முன்னாலிருந்து சுற்றும் ஹேண்டிலால் சுற்றுங்கள். ஷாஃப்ட் பத்துச் சுற்று வர ஹேண்டில் எத்தனை சுற்று என்று எண்ணி, பத்தால் வகுத்தால் அந்தக் கியரின் விகிதம். டாப்பில் பத்துக்குப் பத்து வர வேண்டும். அதுதான் நீங்கள் சரியாக எண்ணுகிறீர்கள் என்பதற்குச் சாட்சி.

இந்தப் பள்ளத்தை ஆக்ஸிலை மாற்றி நிரப்ப முடியாது. ஆக்ஸிலைத் தொட்டால் எல்லா கியரும் ஒரே அளவில் நகரும், இடைவெளி அப்படியே இருக்கும். பெட்டிக்குள் பல்சக்கரங்களை மாற்றுவது பந்தயக்காரர்கள் செய்யும் செலவு. சாலையில் ஓடும் அம்பாசிடருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் கியரை வண்டி நகர்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டாவதையும் மூன்றாவதையும் நீட்டி ஓட்டுங்கள். ஃபிளைவீலை லேத்தில் கடைந்து எடை குறைக்கிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய வார்ப்பிரும்பு மெலிந்து உடைந்தால் அது உங்கள் கால் மேல்தான் வரும்.

## அறிகுறி: டாப் கியரில் ஏற்றம் ஏறவில்லை

மூன்றாவதைப் போடுங்கள். கிண்டல் இல்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வண்டிக்கு டாப் கியர் வேலையே கிடையாது. பெரும்பாலும் இரண்டிலும் மூன்றிலுமாகப் போகிற பாதை அது. டாப்பிலேயே பிடிவாதமாக மிதித்தால் என்ஜின் நாக் அடிக்கும், பிக் எண்ட் பேரிங்தான் அடி வாங்கும்.

முன்பு ஏறிய அதே ஏற்றத்தில் இப்போது திணறினால் விஷயம் வேறு. இரண்டாவது அறிகுறியின் பட்டியலுக்குத் திரும்பிப் போங்கள், குறிப்பாகப் பெட்ரோல் வரத்துக்கு. சமதரையில் மறைந்திருக்கும் அடைப்பு மலையில்தான் வெளியே தெரியும்.

## அறிகுறி: பிக்கப் அருமை, 80-இல் என்ஜின் கதறுகிறது

4.875-க்கு மாறியவர்களின் புகார் இது. 2.05 மீட்டர் டயரில் 80 கி.மீ. வேகத்துக்கு 4.875-இல் 3,170 சுற்று, 4.555-இல் 2,960, 4.3-இல் 2,800. நூறில் போனால் 4.875 வண்டி கிட்டத்தட்ட 4,000-ஐத் தொடும். இந்த நீள ஸ்ட்ரோக் என்ஜின் அதை மணிக்கணக்கில் விரும்பாது.

சிறிய டயரும் குறுகிய ஆக்ஸிலும் சேர்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று போதும். டயரைப் பழைய அளவுக்கு மாற்றுங்கள்.

இரண்டும் வேண்டுமா, ஊருக்குள் பிக்கப்பும் நெடுஞ்சாலையில் அமைதியும்? அப்படியானால் ஐந்தாவது கியர் ஒன்றுதான் வழி. வண்டியில் செய்யக்கூடிய விகித மாற்றங்களில் செலவு மிகுந்தது, முழுத் திருப்தி தருவதும் அதுதான். ஐந்தாவது 0.85 அளவில் இருந்தால், 4.875 ஆக்ஸிலோடு சேர்ந்து நெடுஞ்சாலையில் 4.14-க்குச் சமமாகிவிடும், கீழ் கியர்களில் குறுகிய ஆக்ஸிலின் இழுவையும் அப்படியே இருக்கும். அதனால் பெட்டியை முதலில் முடிவு செய்யுங்கள், ஆக்ஸிலைப் பிறகு. வரிசையை மாற்றினால் ஆக்ஸிலுக்கு இரண்டு முறை செலவழிப்பீர்கள். எம்.ஜி.பி.யில் இதே பிரச்சினையை ஓவர்டிரைவ் (டாப்புக்கு மேல் சேரும் துணை கியர்) கொண்டு தீர்த்தார்கள், அதன் விகிதம் 0.802. நம் ஊரில் அதைத் தேடி அலைவதைவிட ஐந்து கியர் பெட்டி எளிது.

இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990-களின் தொடக்கத்தில் 1817 சி.சி. இசுசு என்ஜினையும் ஐந்து கியரையும் அம்பாசிடரில் கொண்டுவந்தது. அந்த ஜோடியை முழுதாக மாற்றுபவர்களும் உண்டு, பழைய என்ஜினை வைத்துக்கொண்டு வேறொரு ஐந்து கியர் பெட்டியை மட்டும் பொருத்துபவர்களும் உண்டு. பின்னதற்கு அடாப்டர் பிளேட், ஸ்பிளைனுக்கு ஏற்ற கிளட்ச் பிளேட், வெட்டிச் சுருக்கிப் பேலன்ஸ் செய்த புரோப்பல்லர் ஷாஃப்ட், புது மவுண்டிங், ஸ்பீடோ கேபிள் எல்லாம் தேவை. ஸ்டீயரிங்கில் இருக்கும் கியர் கம்பி தரைக்கு வந்துவிடும், முன் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடம் போகும். அடாப்டர் பிளேட்டின் மையம் என்ஜினின் மையத்தோடு ஒத்திருக்கிறதா என்று டயல் கேஜில் பார்க்கத் தெரிந்த லேத்காரர் கிடைக்காவிட்டால் இறங்காதீர்கள். மையம் விலகினால் பெட்டியின் முன் பேரிங் சீக்கிரமே போய்விடும்.

என்ஜினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைப் பற்றியதுதான். வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு போனால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

## அறிகுறி: மாற்றிய பிறகு புதிதாக முளைத்தவை

வேகமுள் கூடுதலாகக் காட்டுகிறது. ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸின் பின் முனையிலிருந்து வருவதால் டயரோ ஆக்ஸிலோ மாறினால் அது தப்பாகத்தான் காட்டும். 7 சதவீதம் குறுகினால் உண்மை வேகம் 60 ஆக இருக்கும்போது முள் 64-இல் நிற்கும். போனில் ஜி.பி.எஸ். வைத்துச் சரிபாருங்கள். கி.மீ. எண்ணும் அதே அளவில் கூடுதலாக ஓடும் என்பதால், விகிதம் மாற்றியதும் மைலேஜ் கூடிவிட்டது என்று மகிழ வேண்டாம்.

ஊளைச் சத்தம். முதலில் டயர் சத்தமா என்று தெரிந்துகொள்ளுங்கள். வழவழப்பான தார்ச்சாலைக்கும் சொரசொரப்பான சாலைக்கும் இடையே சத்தம் மாறினால் டயர். மாறவில்லை, ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வருகிறது, காலை எடுத்தால் போகிறது, அல்லது அதற்கு நேர்மாறு என்றால் கிரவுன் பினியன் செட்டிங். எப்போதும் ஒரே மாதிரி இரைந்தால் பேரிங். கடைசி இரண்டுக்கும் வேலை செய்த பட்டறைக்கே திரும்பப் போங்கள், அதுவும் உடனே. ஓட ஓடப் பழகிவிடும் என்று சொன்னால் ஏற்காதீர்கள். தப்பான தடத்தில் ஓடிய ஜோடியைப் பிறகு சரியாகச் செட் செய்தாலும் சத்தம் போகாது.

கியரில் விட்டதும் "டக்". ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் முறுக்குங்கள். அதன் முனையில் உள்ள யூ.ஜே. (யுனிவர்சல் ஜாயின்ட்) கிராஸில் ஆட்டம் தெரிந்தால் அதை மாற்றினால் போதும். கிராஸ் இறுக்கமாக இருந்து பினியன் ஃபிளேஞ்சே ஆடினால் பேக்லாஷ் அதிகம்.

60-க்கு மேல் அதிர்வு. ஷாஃப்டைக் கழற்றிப் பழைய நிலையிலேயே மாட்டினார்களா? இரண்டு முனை யூ.ஜே.க்களும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அது சரியாக இருந்தும் அதிர்ந்தால் ஷாஃப்டைப் பேலன்ஸ் செய்யக் கொடுங்கள்.

கூடு சுடுகிறது. இருபது கி.மீ. ஓட்டிவிட்டுக் கையை வையுங்கள். புது ஜோடி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கையைச் சில விநாடிகூட வைக்க முடியாவிட்டால் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சரியென்றால் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். மேற்கொண்டு ஓட்டாமல் பட்டறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

புது ஜோடி போட்டபின் முதல் 500 கி.மீ. வரை முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், முழுச் சுமையோடு மலையும் வேண்டாம். பிறகு வண்டி சூடாக இருக்கும்போதே கூட்டின் எண்ணெயை வடித்து, துணியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிற மாவாக இருந்தால் பற்கள் ஒன்றோடொன்று பழகியதன் தடம், புது எண்ணெய் ஊற்றி ஓட்டலாம். மினுக்கும் செதிலோ ஊசிபோன்ற துண்டோ கண்ணில் பட்டால், எண்ணெய் ஊற்றாமல் கூட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.